கெச்செங்குக்குக் கிடைத்த கெண்டி

சாவோசோ நகரத்தில் பூட்டு ரிப்பேர் செய்கிற ஜுவாங் கெச்செங்கை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். அவன் கடையை ஒட்டித்தான் என் மாட்டிறைச்சி உருண்டை சூப் கடை. இத்தனை வருடத்தில் அவன் எத்தனை பூட்டைத் திறந்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அவன் அடுப்பில் வெந்நீர் கொதிக்காத நாள் கிடையாது. அதற்கு நான் சத்தியம் செய்வேன். சாவியைத் தொலைத்துவிட்டுப் பதறி வருகிறவரிடமும், "மொதல்ல உக்காருங்க, ஒரு வாய் டீ குடிங்க" என்பான். பூட்டு எங்கேயும் ஓடிவிடாது, டீ ஆறிவிடும் என்பது அவன் கட்சி.

அவனுக்கு ஒரே ஒரு ஏக்கம். ஷியே என்ற குயவர் அம்மா கையால் செய்த, டீ போடுகிற சிவப்பு மண் கெண்டி வேண்டும். எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். அந்த அம்மாவோ வாங்க வருகிறவர் வீட்டு டீயைக் குடித்துப் பார்த்த பிறகுதான் கெண்டி கொடுப்பார். பிடிக்காவிட்டால் பேசாமல் எழுந்து போய்விடுவார். கெச்செங் ஏழு வருடம் நடையாய் நடந்தான். அதுவரை கையில் இருந்தது ஒரு பழைய கெண்டி; அதன் மூக்கையும் அவனே ஒருமுறை தவறிச் சுத்தியலால் உடைத்திருந்தான். அது வேறு கதை.

இந்த வசந்தத்தில் ஷியே அம்மா ஒருவழியாக வருகிறேன் என்றார். கெச்செங் மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான். வேறு மரத்து இலை கலக்காமல் ஒரே மரத்தில் பறித்த டீ இலை, ஒரு தடவை போட ஒரு பொட்டலம் என்று மூன்று சின்னப் பொட்டலம் மட்டும்தான் கிடைத்தது. சட்டைக்குள் வைத்து ஒளித்துக்கொண்டு வந்தான். அந்த ரகத்துக்கு எங்கள் பக்கத்தில் 'வாத்து எச்சம்' என்று பெயர்.

"வாத்து எச்சத்துக்கா இவ்ளோ காசு?" என்றாள் அவன் மனைவி யான்ஃபென். "எங்கிட்ட சொல்லியிருந்தா நம்ம குளத்துலயே அள்ளிட்டு வந்திருப்பேனே!"

"பேருதாண்டி அப்படி. மோந்து பாரு."

மோந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் மூக்கை எடுக்கவேயில்லை. "நல்லாத்தான் இருக்கு," என்றாள். "அதுக்காக சட்டைக்குள்ளயா? என் கல்யாண நகையைக்கூட நீ இப்படிப் பாதுகாக்கல."

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சுவர் மெல்லியது. தெரிந்ததைத் தெருவுக்கே சொன்னதும் நான்தான். என் வாய் என்றைக்கு சும்மா இருந்தது?

எங்கள் ஊர் வழக்கம் இரண்டு. எத்தனை பேர் உட்கார்ந்தாலும் கோப்பை மூன்றுதான். சுற்றி வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். புதிதாக ஒரு ஆள் வந்தால் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை போட வேண்டும். போடாவிட்டால், மிச்சத்தைக் குடி என்று மூஞ்சியில் அடித்த மாதிரி.

மூன்று மணிக்கு ஷியே அம்மா வந்தார்; நான் முன்னாலேயே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயது, பேச்சே கிடையாது. கெச்செங் முதல் பொட்டலத்தைப் பிரித்தான். கீழே விழுந்த ஒற்றை இலையையும் பொறுக்கி உள்ளே போட்டான். முதல் சுற்று ஊற்றி முடிப்பதற்குள் வாசலில் எங்கள் தெரு பெங் வாத்தியார்.

"என்னப்பா கெச்செங், என்னமோ ஒத்த மரத்து டீ வாங்கியிருக்கியாமே?"

கெச்செங் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். நல்ல இலை குப்பைக் கூடைக்குப் போயிற்று. இரண்டாவது பொட்டலம். வாத்தியார் உறிஞ்சி முடிக்கவில்லை, முடிதிருத்தும் அஷுய் கத்தரியோடு வந்துவிட்டார்.

"அண்ணே, எனக்கும் ஒரு வாய்."

அந்த இலையும் கூடைக்குப் போயிற்று; மூன்றாவது பொட்டலமும் பிரிந்தது. ஷியே அம்மா ஒவ்வொரு தடவையும் குடித்தார், கோப்பையை வைத்தார், இன்னொன்று எடுக்கவில்லை. பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். கெச்செங்கின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் கூரியர்காரர் ஹெல்மெட்டோடு உள்ளே எட்டிப் பார்த்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. "பூட்டுப் பெட்டி வந்திருக்கு. ஒரு கையெழுத்து போடுங்க, போதும். நான் கிளம்பறேன்."

போகட்டும் என்று விட்டிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். கெண்டிக்குள் அந்த ஒற்றை மரத்து இலை, இன்னும் ஐந்தாறு சுற்று தாங்கும். கெச்செங் கெண்டியைப் பார்த்தான். கூரியர்காரரைப் பார்த்தான். பிறகு கெண்டியைத் தலைகீழாகத் தட்டினான்.

"உக்காருங்கண்ணே. ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

"இல்லங்க, நேரமில்ல..."

"டீக்கு நேரமில்லாம எங்க போயிடப் போறீங்க? உக்காருங்க."

பொட்டலம் தீர்ந்திருந்தது. தினமும் போடுகிற தகர டப்பாவைத்தான் திறந்தான். கதவோரம் நின்ற யான்ஃபென் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் இப்போது சிந்திய இலையை அவன் பொறுக்கவில்லை. என்னிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே தினமும் ஊற்றுகிற அதே கைதான். முதல் கோப்பையைக் கூரியர்காரரிடம் நீட்டினான்.

"அப்பா!" என்றார் அவர். "எச்சில் ஊறுது. என்ன டீங்க இது?"

"டப்பா டீ," என்றான் கெச்செங். அழுதுவிடுவான் போல இருந்தது.

ஷியே அம்மா தன் கோப்பையைக் குடித்துவிட்டு, இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். "மொதல் மூணையும் போட்டது யாரு?"

"நான்தாங்கக்கா."

"இல்ல. அப்போ நீங்க இலைக்குக் காவல் காத்துக்கிட்டு இருந்தீங்க. டீ போட்டது இப்போதான்."

துணிப்பைக்குள் கை விட்டு, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். சிவப்பு மண் கெண்டி. "கொண்டுதான் வந்தேன். குடுக்கறதா வேணாமான்னுதான் தெரியல. ஒண்ணு சொல்றேன், இதுல மொதல்ல அந்த டப்பா டீயையே போடுங்க. இவருக்கு ஊத்தினீங்களே, அத."

கெச்செங் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அழவே அழுதுவிட்டான்.

"நேத்து வரைக்கும் இந்தக் கெண்டி இல்ல, நல்ல டீ இருந்துச்சு," என்றாள் யான்ஃபென் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இப்ப கெண்டி வந்துச்சு, நல்ல டீ போச்சு."

இப்போது அந்தக் கூரியர்காரருக்கு எப்படியோ தினமும் மூன்று மணிக்கு எங்கள் தெருவில் ஒரு பார்சல் இருக்கிறது. புதுக் கெண்டியில் டப்பா டீ. கோப்பை மூன்றுதான். முதல் சுற்றில் ஒன்று கூரியர்காரருக்கு, ஒன்று பெங் வாத்தியாருக்கு, ஒன்று யான்ஃபெனுக்கு. எனக்கு இரண்டாவது சுற்று.

"உன் வாய்க்கு அது போதும்," என்கிறான் கெச்செங், இலையைத் தட்டிக்கொண்டே.