இரண்டு முனைகளிலும் தோற்ற கதை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த ஸ்ட்ரெதமில், எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களை நாடகமாகப் போட்டார்கள். எனக்குக் கிடைத்தது பெர்லின் நகரத்தின் கடைசிப் படைவீரன் வேடம். கிழக்கிலிருந்து ரஷ்யப் படையும் மேற்கிலிருந்து மற்றப் படைகளும் நெருங்கிவர, நான் கையைத் தூக்கிச் சரணடைய வேண்டும். வசனம் கிடையாது.

அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. பிள்ளை நாடகம் நடிக்கிறது என்று கனடாவிலும் சுவிசிலும் இருக்கும் சொந்தக்காரருக்கு ஏற்கெனவே போன் பேசி முடித்திருந்தார். இனி வீடியோ கேட்பார்களே!

"எங்கட குடும்பத்தில ஆரும் ஆருக்கும் கை தூக்கினதில்லை. நான் போய்க் கதைக்கிறன்," என்றார். அம்மாவின் முன்னால் அவர் தினமும் கை தூக்கிச் சரணடைவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நான்.

பள்ளிக்கூடத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று அம்மா இருபது மீன் ரோல்ஸ் பொரித்துக் கட்டிக் கொடுத்தார். டீச்சர் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, வெல்கிறவர்களாக நடிக்க எல்லோரையும் எப்போதோ தெரிவு செய்தாகிவிட்டது என்று வருத்தம் தெரிவித்தாராம். ஆனால் போரில் இன்னொரு முனை இருக்கிறது, பசிபிக் பக்கம். அங்கே கப்பலில் வந்து கையெழுத்துப் போடும் ஜப்பான் பிரதிநிதிக்கு ஆள் இல்லை, அவருக்கு நான்கு வரி வசனமும் உயரமான கறுப்புத் தொப்பியும் உண்டு என்றாராம். வசனம், தொப்பி, கையெழுத்து என்றதும் அப்பா குளிர்ந்துபோனார். ஒரு தோல்வியை மாற்றப் போனவர் இரண்டு தோல்விகளோடு வீடு திரும்பினார். அதுவும் வென்றவர்போலக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

தொப்பியும் கையெழுத்தும் எனக்குச் சுலபமாக வந்துவிட்டன. வராதது கைதான். ஒத்திகையில் நான் கையைத் தூக்கியபோதெல்லாம் வகுப்பே சிரித்தது. கழிவறைக்குப் போகலாமா என்று கேட்பதுபோல இருக்கிறது என்றார் டீச்சர். திங்கட்கிழமைக்குள் சரிவராவிட்டால் பெர்லினை வேறு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் இருந்து அழுதேன். தோற்பதற்குக்கூட லாயக்கில்லாத பிள்ளையாகிவிட்டேனே என்ற துக்கம் சின்னத் துக்கமல்ல.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா போரை வீட்டிலேயே நடத்தத் தீர்மானித்தார். வரவேற்பறைச் சோபாதான் பெர்லின். அப்பா ரஷ்யா, வாசற் பக்கமிருந்து வருவார். அம்மா மேற்குப் படை, சமையலறையிலிருந்து வருவார். நடுவில் கிடந்த கம்பளம் ரைன் நதி. மாடிப்படிகள் பசிபிக் தீவுகள். ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். முழங்கால் நோவு காரணமாக அப்பா ஐந்தாவது தீவோடு அந்த முனையைக் கைவிட்டார்.

ஒரு சிக்கல், பெர்லினில் மாமா படுத்திருந்தார். அம்மாவின் தம்பி. ஊரில் ராணுவத்தோடு நடந்த சண்டை முடிந்தபிறகு எங்கெங்கோ சுற்றி எங்களிடம் வந்துசேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட், பகலில் சோபாவில் நித்திரை. இடி விழுந்தாலும் எழும்பமாட்டார் என்று அம்மா சொன்னதால், அவரை அப்படியே விட்டுவிட்டுப் போரைத் தொடங்கினோம்.

அம்மா கரண்டியோடு ஒரே எட்டில் ரைனைத் தாண்டிச் சோபாவைத் தொட்டுவிட்டார்.

"இஞ்சரும், நீர் முதல் வரக்கூடாது. ரஷ்யாதான் பெர்லினைப் பிடிச்சது. திரும்பிப் போம்," என்றார் அப்பா.

"பிடிச்ச இடத்தை விட்டிட்டுப் போக ஏலாது. கெதியா வாங்கோ, அடுப்பில கறி கிடக்குது."

வரலாற்றை அம்மா மாற்றி எழுதிவிட்ட கோபத்தில் அப்பா, துப்பாக்கிக்குப் பதிலாக வைத்திருந்த டோர்ச்சை உயர்த்திப் பிடித்தபடி ஓடிவந்து, "கையைத் தூக்கு!" என்று வீடே அதிரக் கத்தினார். நான் சோபாவின் மறுபக்கத்தில் நின்று கையைத் தூக்கினேன். வழக்கம்போலக் கழிவறை.

ஆனால் மாமா எழும்பிவிட்டார். கண் முழுதாகத் திறக்கவில்லை. ஒரே மூச்சில் சோபாவிலிருந்து இறங்கி, இரண்டு கைகளையும் விரல் விரித்து உயர்த்தி, பிறகு தலைக்குப் பின்னால் கோத்து, சுவரைப் பார்த்து முழந்தாளிட்டார். நெற்றி சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. எங்கள் வகுப்பில் ஒருவராலும் அப்படிச் செய்ய முடியாது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சிரிக்கத் தொடங்கினார், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி, இது பிள்ளையின்ர நாடகமடா," என்றார்.

மாமா கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓம் அக்கா, தெரியும். எப்பிடி என்ர நடிப்பு?"

"சூப்பர் மாமா! இன்னொருக்காச் செய்யுங்கோ," என்றேன். அம்மா என் தலையில் குட்டினார். எதற்கென்று விளங்கவில்லை. அன்று கறி அடிப்பிடித்துப்போனது.

நான் விடுவேனா? ஞாயிறு முழுவதும் குளியலறைக் கண்ணாடி முன்னால் பழகினேன். விரல் விரிப்பது, கோப்பது, முழந்தாள், சுவர், நெற்றி. திங்கட்கிழமை டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை எங்கே கற்றாய் என்று கேட்டார். என் மாமா பெரிய நடிகர் என்றேன்.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. நான் முழந்தாளிட்டபோது ஒரு சத்தமில்லை. பிறகுதான் கைதட்டல். தொப்பி போட்டு ஜப்பானுக்காகக் கையெழுத்திட்டபோது அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. முதல் வரிசையில் அப்பா, இரண்டு போர்களையும் தானே வென்றவர்போல நிமிர்ந்திருந்தார். அம்மா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மட்டும் எழுந்து நின்று, எல்லோரும் ஓய்ந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வரும்போது என் பக்கத்தில் அமர்ந்து, "முழங்கால் நொந்ததோ?" என்று கேட்டார்.

"இல்லை மாமா. கொஞ்ச நேரந்தானே."

"ஓம்," என்றார், "கொஞ்ச நேரமெண்டால் நோகாது."

நடிப்பு எனக்கு அம்மா பக்கத்து வழியாக வந்தது என்று அதன்பிறகு பல வருடங்கள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.