துஷ்யந்தி கையெழுத்திடாத மனு

கண்டி மலைநாட்டில் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து முதன்முதலாக டொக்டருக்குப் படித்தவள் துஷ்யந்தி. அப்பா மத்தியூ தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கர். புலமைப்பரிசிலில் சீனாவுக்குப் போன அவளும், அக்குறணையிலிருந்து வாப்பாவின் செலவில் போன நானும் ஒரே அறையில் இருந்தோம். லீவுக்கு ஊர் வந்திருந்தபோது கொரோனா தொடங்கியது; திரும்பிப் போக முடியவில்லை. நோயாளியின் பக்கத்தில் நின்று படிக்க வேண்டிய இரண்டு வருஷத்தையும் போனில் படித்தோம். சிக்னலுக்காக அவள் தேயிலை மலையில் ஏறி உட்காருவாள்.

இங்கே டொக்டராக வேலை செய்ய, வெளிநாட்டில் படித்தவர்கள் பதிவுப் பரீட்சையில் தேற வேண்டும். எழுத்துப் பகுதியில் இருவரும் தேறினோம். நோயாளியைச் சோதித்துக் காட்டும் செய்முறையில் இருவரும் கோட்டைவிட்டோம்.

"பதிவு இல்லாம நான் மருந்து எழுதக் கூடாது" என்று எத்தனை தரம் சொன்னாலும் தோட்டத்து லயத்து வீடுகளின் சனம் அவளிடம்தான் வரும். ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்தவளின் வாசலில் தோட்டத்து லொறி டிரைவர் கணேஸ் நின்றார்.

"நெஞ்சு எரியுது டொக்டரம்மா. நேத்துத் தின்ன கொத்துரொட்டியா இருக்குமோ?"

புத்தகத்தில் உள்ள கேள்விகளையெல்லாம் கேட்டாள். "கேஸ்ட்ரிக் மாதிரிதான் இருக்கு அண்ணே. கூடுனா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள். அவர் நிம்மதியாகப் போனார். அன்று பின்னேரம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், ஓட்டோவிலேயே உயிர் போய்விட்டது. மாரடைப்பு.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. கணேஸின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னம்மா செய்வீங்க, அவரு விதி" என்று அழுதாளாம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, டொக்டர்மாரின் பதிவு பற்றிய புதிய சட்டமூலத்துக்கு அரசாங்கம் கருத்துக் கேட்டது. வெளிநாட்டில் படித்த நாங்கள், எங்களோடு படித்த ஷப்ராஸின் தலைமையில் ஒரு மனு எழுதினோம். உள்நாட்டில் படித்தவர்களுக்குப் பதிவின்போது இல்லாத செய்முறைப் பரீட்சை எங்களுக்கு மட்டும் ஏன், அதை நீக்க வேண்டும் என்பதே கோரிக்கை. மனுவை எடுத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

துஷ்யந்தி இரண்டு தரம் வாசித்தாள்.

"என்னால சைன் வைக்க முடியாது றம்ஸியா."

"ஏன்?"

"கணேஸ் அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. மேடேறி வந்த வேர்வைன்னு நெனச்சேன். வார்டுல பத்து நெஞ்சுவலியப் பார்த்திருந்தா அப்படி நெனச்சிருப்பேனா?"

"அதுக்காக எங்கட வாழ்க்க இப்பிடியே போகோணுமா?"

"நானும் நியாயந்தான் கேக்குறேன். இங்க படிச்சாலும் வெளிய படிச்சாலும் ஒரே பரீட்சை வைக்கட்டும். அதுக்கு முன்னால எங்கள ஆறு மாசம் வார்டுல நிக்க விடட்டும். அப்படி எழுதுங்க, மொத ஆளா சைன் வைக்கிறேன்."

ஷப்ராஸ் மாற்ற மறுத்துவிட்டான். அவள் தனியாக ஒரு கடிதம் அனுப்பினாள். கணேஸின் சாவையும் தன் பிழையையும் மறைக்காமல், தன் பெயரிலேயே எழுதியிருந்தாள். விஷயம் தெரிந்ததும் எங்கள் வட்சப் குழுவில் 'துரோகி' என்று எழுதினார்கள். நான் ஒரு பதில் தட்டி, அனுப்பாமல் அழித்தேன். அன்றே அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

சட்டமூலம் அப்படியே கிடக்கிறது. மனுவுக்கும் பதில் இல்லை, கடிதத்துக்கும் இல்லை. மூன்றாம் தடவையில் நான் தேறி, ஆஸ்பத்திரி வார்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் இரண்டாம் தடவை போனபோது, நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கையில் கணேஸின் வேர்த்த முகம்தான் தெரிந்ததாம். பாதியில் எழுந்து வந்துவிட்டாள். பிறகு விண்ணப்பிக்கவேயில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள்.

போன மாதம் கண்டி பஸ் ஸ்டாண்டில் அவளைக் கண்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் அதற்கு இடம் வைக்கவில்லை.

"வார்டுல மொத நாள் பயமா இருந்துச்சா?"

"நல்லாப் பயந்த நான்."

"பக்கத்துல யாராச்சும் நின்னாங்களா?"

"ஒரு பெரிய டொக்டர் நின்டாரு."

தலையை ஆட்டினாள். "அது போதும்" என்றாள். கலஹா பஸ் வந்தது. கூட்டத்தோடு ஏறிப் போய்விட்டாள்.