பத்து ஷில்லிங்கும் கமிஷனும்

நைரோபியில் வீடு வீடாகப் போய்த் துணி துவைப்பவள் சியோம்புவா. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு முக்குரு சேரியில் ஒரு தகரக் கொட்டடியில் தனியாகத்தான் இருக்கிறாள். ஒரே மகன் முன்யோகி மொம்பாசா துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறான். ஞாயிறுதோறும் அவள் போனுக்கு ஐம்பது ஷில்லிங் அனுப்புவான். கூடவே வரும் குறுஞ்செய்தியில் அவன் பெயரும், அதை ஒட்டி அவன் அப்பன் பெயரும் இருக்கும். அதை ஆசை தீரப் படித்துவிட்டுத்தான் உகாலிக் களி கிண்டுவாள்.

அந்த ஐம்பதைக் கையில் வாங்க முனைக்கடைக்குப் போனால் கமிஷன் பிடிப்பார்கள். ஆயிரக்கணக்கில் எடுப்பவனைக் கிள்ளுகிறவர்கள் ஐம்பது எடுப்பவளைக் கடித்தே விடுவார்கள். என்ன நியாயமோ! பாசமுள்ள பிள்ளைகள் அந்தக் கமிஷனையும் சேர்த்து அனுப்புவதுதான் அங்கே வழக்கம். வாராவாரம் அப்படி அனுப்ப முன்யோகிக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒருநாள் அவனே கூப்பிட்டான்.

"அம்மா, வாராவாரம் கமிஷனுக்கே அழுவுறோம். இனிமே மூணு மாசத்துக்கு ஒருக்கா மொத்தமா அனுப்புறேன். எடுக்குற காசும் அதுலயே இருக்கும்."

"நல்லதுடா கண்ணு. அவனுங்களுக்கு எதுக்குக் கொட்டிக் குடுக்கணும்?"

சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு போன் சும்மா கிடந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அந்த ஐம்பதில் அவள் வயிறு என்றும் நிறைந்ததில்லை. ஆனால் மகன் தன்னை நினைத்தான் என்பது வாரம் ஒருமுறை தெரிந்துகொண்டிருந்தது. அது நின்றுபோனதை அவளால் தாங்க முடியவில்லை. வாய்விட்டுக் கேட்கவும் வெட்கம்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிறு அவளே அவனுக்குப் பத்து ஷில்லிங் அனுப்பினாள். உடனே போன் அடித்தது.

"என்னம்மா இது? பத்து ஷில்லிங் அனுப்ப கமிஷன் வேற அழுதியா? பைத்தியமா உனக்கு?"

"கை தவறிடுச்சுடா. சாப்டியா?"

"சாப்டேன், சாப்டேன். பேசணும்னா ஒரு மிஸ்டு கால் குடு. காசே ஆகாது. நான் கூப்பிடுறேன்."

மறுவாரம் மிஸ்டு கால் கொடுத்துவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் போய்ச் சாயங்காலமும் வந்தது. இன்னொன்று கொடுத்தாள். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? காசு செலவில்லாத அழைப்பு நாளெல்லாம் அவன் போனில் வந்து குவியும். யாரையென்று திருப்பிக் கூப்பிடுவான்?

அதற்கடுத்த ஞாயிறு குழாயடியில் நின்றபடி அவள் போனை அமுக்குவதைப் பக்கத்துக் கொட்டடிக் கவாத்தா பார்த்துவிட்டாள்.

"அக்கா, மறுபடியும் பத்து ஷில்லிங்கா? உன் துவைச்ச கூலியெல்லாம் கமிஷனாப் போகுது!"

"போகட்டும்டி. சும்மா கூப்பிட்டா அவன் வர்றதில்ல."

வாளி நிறைவதற்குள் போன் அடித்தது. எடுத்ததுமே மறுமுனையில் கத்தல்.

"அம்மா! திரும்பவும் கை தவறிடுச்சா?"

சியோம்புவா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாடா கண்ணு. நல்லாத் திட்டு. அவசரப்படாம, மெதுவாத் திட்டு."