பெரிசுக்குப் பெரிசு மாட்டிய கிராணி

என் வாழ்க்கையில் நான் மனதார வெறுத்தது ஒரே ஒரு ஆளைத்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா அவர். ஆபீஸில் இருக்கிற கிராணிகளுக்கெல்லாம் மேல். நான் அப்போது அதே தெருவில் ஒரு சீனத் தவுக்கேயின் சைக்கிள் கடையில் ஃபிட்டர். செயின் நேர் பார்ப்பதில் என்னை மிஞ்ச அந்தப் பக்கம் ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, முதலாளி தவுக்கேயே மற்றக் கடைக்காரர்களிடம் அப்படித்தான் சொல்லுவார்.

கிராணிக்குச் சீமையிலிருந்து ஒரு வண்டி வந்து இறங்கியது. முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் இரண்டு. ஃப்ரீவீல் கிடையாது, காலை நிறுத்தினால் வண்டியும் நிற்கும். சமதரைக்கு ஒரு ஜோடி, மேட்டுக்கு ஒரு ஜோடி. மாற்ற வேண்டுமானால் இறங்கி, பின்சக்கரத்து நட்டைத் தளர்த்தி, செயினைக் கையால் தூக்கிப் போட வேண்டும். நூல் பிடித்து நேர் பார்த்துப் பூட்டிக் கொடுத்தேன். கொடுக்கும்போதே சொன்னேன்:

“ஐயா, வெளிப்பக்கத்துக்கு வெளிப்பக்கம், உள்பக்கத்துக்கு உள்பக்கம். குறுக்கே மட்டும் மாட்டிடாதீங்க. செயின் கோணிக்கிட்டுப் பல்லு மேல ஏறிடும்.”

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. முன்னால் பெரிய சக்கரம் வெளியே இருந்தது, பின்னால் பெரியது உள்ளே இருந்தது. அதாவது நேராக ஓட வேண்டுமானால் பெரியதுக்குச் சின்னதுதான் ஜோடி. அது அந்த மனுஷனுக்குப் பொறுக்குமா? ஆபீஸில் பியூன் உட்கார்ந்த நாற்காலியைத் துடைக்காமல் உட்காராத ஆள். வீட்டுக்குப் போய், பின்சக்கரத்தை முன்னே இழுத்து, பெரிசுக்குப் பெரிசாக மாட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் டாமன்சாரா ரோட்டு இறக்கத்தில் செயின் கழன்றது. காலால் நிறுத்துகிற பிடி போய்விட்டது. குப்புற விழுந்து முன்பல் ஒன்று உடைந்தது.

சாயங்காலம் கடை வாசலுக்கு வந்தார். வாயில் துணியைப் பொத்திக்கொண்டு, பின்னால் ஏழெட்டுப் பேரோடு. “சொல்லுடா, யாரு தப்பு?” என்றார். அவர்கள் தூக்கி வந்த வண்டி வாசலிலேயே கிடந்தது. செயின் எதில் மாட்டியிருந்தது என்று கண்ணிருக்கிறவன் பார்க்கலாம். நான் வாயைத் திறப்பதற்குள் தவுக்கே என் முதுகில் விரலால் குத்தினார். ரயில்வே ஆட்கள்தான் கடைக்கு வாடிக்கை. “என் தப்புதாங்க” என்றேன். காதில் விழவில்லை என்றார். திரும்பச் சொன்னேன். எதிர்ச்சாரியில் இருக்கிறவங்களுக்கும் கேக்கணும் என்றார். கத்திச் சொன்னேன்.

அப்படிச் சொல்லியும் மறுநாள் காலையில் தவுக்கே என்னை அனுப்பிவிட்டார். வேறு கடை எதிலும் சேர்க்கவில்லை. தெருவில் போனால் “பல்லுடைச்சான்” என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். நன்றாக வேலை தெரிந்தவனை வேலை தெரியாதவன் என்று சொல்ல வைத்துவிட்டால் அவனிடம் என்ன மிஞ்சும்?

கிள்ளானுக்குப் போனேன். ஸ்டேஷன் பக்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டு, நாலு வருஷத்தில் கையால் உழைத்துப் பெயர் எடுத்தேன். அந்த நாலு வருஷமும் அந்த ஆளை மனதில் வைத்து வறுத்துக்கொண்டேதான் இருந்தேன். அவரை அடிக்க ஆசைப்படவில்லை. அவர் வாயால், நாலு பேர் நடுவில், “என் தப்பு” என்று சொல்ல வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அப்புறம் ஒருநாள் அவரே என் கொட்டகைக்கு வந்து நின்றார். கிள்ளானுக்கு மாற்றலாகி வந்திருக்கிறாராம். அதே வண்டி, அதே ஆள், முன்பல் மட்டும் தங்கம். என்னை நேருக்கு நேர் பார்த்து, “என்னப்பா, சனிக்கிழமை பாடாங் மைதானத்தில ஸ்போர்ட்ஸ். ஸ்லோ ரேஸுக்குப் பேர் குடுத்திருக்கேன். வண்டியைச் சரி பண்ணிக் குடு” என்றார். என்னை அடையாளம் தெரியவில்லை. நான் மீசைகூட மாற்றவில்லை.

ஸ்லோ ரேஸ் என்பது கடைசியாக வந்து சேருகிறவன் ஜெயிக்கும் பந்தயம். கால் தரையில் பட்டால் போச்சு. ஃப்ரீவீல் இல்லாத வண்டியில் பெடலை முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் அமுக்கி நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும். செயின் கோணலாக இருந்தால் அந்தப் பின் அமுக்கில்தான் பல்லை விட்டு ஏறும். அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

நான் ஒரு திருட்டுத்தனமும் செய்யவில்லை, சத்தியமாக. அந்த வண்டியைப் போல் வேறொன்றை அவ்வளவு அக்கறையாகப் பூட்டியதே இல்லை. ஆனால் வண்டியைக் கொடுக்கும்போது ஒரு காகிதத்தை நீட்டினேன். “வெளிக்கு வெளி, உள்ளுக்கு உள். குறுக்கே மாட்டினால் செயின் கழலும். கடைக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்” என்று எழுதியிருந்தேன். கொட்டகையில் மூன்று வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்கப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். கிராணி அல்லவா, காகிதத்தைப் பார்த்தால் கை தானாகப் பேனாவுக்குப் போகும். ஒரு ஃபிட்டர் சொன்னதை அப்படியே கேட்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை பாடாங்கில் கயிற்றோரம் முன்வரிசையில் நின்றேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். செயினைப் பார்த்தேன். பெரிசுக்குப் பெரிசு! கும்பிடலாம் போல இருந்தது.

விசில் ஊதினார்கள். பத்துக் கெஜம் போயிருப்பார். பெடலைப் பின்னே அமுக்கினார், கடக்கென்று ஒரு சத்தம், செயின் தொங்கியது, கிராணி வெள்ளைக் கால்சட்டையோடு புல்லில் உட்கார்ந்தார். தோட்டத்து ஆட்கள், ரயில்வே ஆட்கள், கூடாரத்தில் இருந்த துரைமார் எல்லாரும் சிரித்தார்கள். நான் கயிற்றைத் தாண்டி ஓடினேன். காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, “கிராணி ஐயா, எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. யாரு தப்பு?” என்றேன்.

காகிதத்தைப் படித்தார். படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“என் தப்புதான்யா! நூத்துக்கு நூறு என் தப்பு! இந்த ஃபிட்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, நான்தான் கேக்கலை!” என்று பாடாங் முழுக்கக் கேட்கச் சொன்னார். ஜனங்கள் கை தட்டினார்கள். “பெரிய மனுஷன்லா, எப்படி ஒத்துக்கிறாரு பாரு” என்று என் பின்னால் ஒருவர் சொன்னார்.

நாலு வருஷம் நான் காத்திருந்த வார்த்தை. அவருக்கு அதில் ஒரு மயிரும் உதிரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகும் என்னால் விட முடியவில்லை. கூடாரத்துக்குப் பின்னால் சோடா குடித்துக்கொண்டிருந்தவரிடம் போய், “பிரிக்பீல்ட்ஸில் உங்க பல்லு உடைஞ்சப்போ என்னை மூணு தடவை சொல்ல வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன்.

சோடா பாட்டிலை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது.

“பல்லா? அது டாமன்சாரா ரோட்டில ஒரு நாய் குறுக்கே ஓடிச்சுப்பா. கறுப்பு நாய். உன்னை அங்க பார்த்ததா ஞாபகமே இல்லையே” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தை எத்தனையோ தடவை திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன். அதில் பொய் இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.