வெயிலில் போகாத கறை

தண்ணீரில் போடுமுன் ஒவ்வொரு துணியையும் லூசெட் ஒருமுறை விரித்துப் பார்ப்பாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள், மூக்கருகே கொண்டுபோவாள், பிறகுதான் தொட்டியில் விடுவாள். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பழக்கம் மாறவில்லை. லியோன் நகரத்தில் குரோவா-ரூஸ் குன்றின் சரிவில் இருந்தது அவளுடைய சலவைக்கடை. ஆற்றங்கரை வரைக்கும் உள்ள பதினோரு சாப்பாட்டுக் கடைகளின் மேசை விரிப்புகளும் கைத்துண்டுகளும் அங்கேதான் வெளுத்தன.

துணி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். சாப்பாடு நன்றாக இருந்தால் ஆட்கள் ரொட்டியால் தட்டை வழித்துத் தின்பார்கள். கைத்துண்டில் விரல் நெய்தான் இருக்கும், சாஸ் இருக்காது. பிடிக்காத சாப்பாடு என்றால் வாயை ஒரு தரம் ஒற்றிவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். உப்பு கூடிய நாளில் ஒயின் கறை இரட்டிப்பாகும். பரிமாறத் தாமதமாகும் கடையின் விரிப்பு ஓரமெல்லாம் விரலால் திருகிச் சுருங்கியிருக்கும்.

அதனால் யாராவது, "மதாம் லூசெட், எங்கே நல்லா சாப்பிடலாம்?" என்று கேட்டால் அவளிடம் பதில் இருந்தது. ஆள் கூச்சக்காரி, பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவள், கூட்டத்தில் வாயைத் திறக்காதவள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் தலை நிமிர்ந்து பதில் சொல்வாள். காலை ஒன்பது மணிக்கு மாட்டுக்குடலும் ஒயினும் வேண்டுமென்றால் மீன் சந்துக்குப் போ. ஈரல் வேண்டுமென்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம் போ. கெனெல் வேண்டுமென்றால் பெலிசி கடையைத் தவிர வேறெங்கும் போகாதே. மீனை அரைத்து, உருட்டி, மேலே ஆற்றிறால் சாஸ் ஊற்றி, அடுப்பில் பொங்கவைத்துத் தரும் கெனெலில் பெலிசிக்கு இணை இல்லை என்பது அவள் தீர்ப்பு. அவள் சொல்லிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

பெலிசி கடையில் சுவரோரம் முப்பத்திரண்டு சிறு அறைகள் வைத்த மர அலமாரி ஒன்று இருந்தது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு அறை, அதில் எண் தைத்த அவரவர் கைத்துண்டு. வாரம் ஒருமுறை அவை லூசெட்டிடம் வரும். ஆட்களின் முகம் அவளுக்குத் தெரியாது, எண்தான் தெரியும். நாலாம் நம்பர் இடது கைக்காரர். இருபத்தாறாம் நம்பர்க்காரி போன வருடம் உதட்டுச் சாயம் பூசத் தொடங்கினாள், யாரோ கிடைத்திருக்கிறார்கள். பதினேழாம் நம்பர், ஓய்வுபெற்ற படகோட்டி முசியே புர்லியே, தினமும் கெனெல் தின்பவர் என்று பெலிசி சொல்லியிருக்கிறார். அவர் துண்டில் அந்த ஆரஞ்சுக் கறை இல்லாத வாரமே கிடையாது.

அந்த வருடம், எண்பத்தாறில், லூசெட்டின் மகள் நிக்கோலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் பாரீஸ்காரர்கள். சம்பந்தி சாப்பாட்டில் கண்டிப்பானவர் என்று பேச்சு. உங்கள் ஊரில் எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று அவர் கடிதத்தில் கேட்டிருந்தார். கடிதம் எழுதிப் பழக்கமில்லாத லூசெட் தானே பேனாவை எடுத்துப் பதில் எழுதினாள்: பெலிசி கடை, ஜூன் பதினாலு, சனிக்கிழமை, இருபத்தெட்டு பேர். தாய் தன் சார்பில் எதையாவது உறுதியாகச் சொல்லி நிக்கோல் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா சொன்ன இடத்தில்தான் விருந்து என்று பார்த்தவர்களிடமெல்லாம் அவள் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மே மாதம் முழுக்க மழை. கடைசி வாரத்தில்தான் முற்றத்தில் வெயில் விழுந்தது. லூசெட் துணிகளைக் கொடியில் போட்டாள். ஆற்றிறால் ஓட்டை வெண்ணெயில் வதக்கும்போது இறங்கும் நிறம் பிடிவாதமானது, சோப்புக்கு அசையாது. ஆனால் இரண்டு நாள் நல்ல வெயில் பட்டால் தானாக வெளுத்துவிடும். இருபத்திரண்டு கோடையில் அவள் கண்ட உண்மை அது. குளிர்காலத்தில் வெயில் கிடையாது என்பதால் வெளுப்பு மருந்து போட்டுக் கொதிக்கவைத்து எடுப்பாள், அதற்கு எந்தக் கறையும் நிற்காது. வெயில் வந்துவிட்டால் மருந்தைத் தொடமாட்டாள்.

மூன்றாம் நாள் மாலை துணி எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பதினேழாம் நம்பர் துண்டில் ஆரஞ்சுக் கறை இருந்தது. துளிகூட மங்கவில்லை.

சோப்பில்தான் கோளாறு என்று நினைத்தாள். சோப்புக் கடைக்காரரை வாழ்நாளில் முதல்முறையாகக் கடிந்துகொண்டாள். வேறு சோப்பு வாங்கித் துவைத்துப் பார்த்தாள். இன்னும் இரண்டு நாள் காயப்போட்டாள். கறை அப்படியே இருந்தது. கடைசியில் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ரயில் நிலையத்துப் பக்கம் உள்ள பெரிய கடையின் துண்டு ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். அந்தக் கடைக்கு யாரையும் அவள் அனுப்பியதில்லை. அங்கே டப்பா சாஸ் என்று அந்தத் துணி எப்போதோ சொல்லிவிட்டது. வெயில் அதைத் தொடாது, ஏனென்றால் அது சாயம்.

இரண்டு கறையும் ஒரே நிறம்.

இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் கண்ணையே நம்பமுடியாமல் துண்டுகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். இடம் மாற்றியபின் எது எந்தக் கடையுடையது என்று அவளுக்கே எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்தது. கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு, கடை காலியாகும் நேரமாகப் பார்த்து, வழக்கம்போலப் பின்வாசல் வழியாகப் போனாள். பெலிசி அறுபத்தாறு வயதுப் பெண்மணி, பருத்த உடம்பு, கனத்த குரல். சந்தைக்காரர்கள் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்திருப்பவர். அவளைக் கண்டதும் கல்யாணப் பெண்ணின் தாயார் முகம் துவைக்காத துணிமாதிரி இருக்கிறதே என்றார். லூசெட் இரண்டு துண்டையும் மேசைமேல் விரித்தாள்.

பெலிசி குனிந்து அதைப் பார்த்தார். சிரிப்பு வடிந்துவிட்டது. எழுந்துபோய் அடுப்படிச் சுவரிலிருந்த அலமாரியைத் திறந்தார். உள்ளே மேலிருந்து கீழ்வரை டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

"நவம்பர்ல காய்ச்சல் வந்துச்சே, அதுல மூக்கு போயிடுச்சு" என்றார். "மூக்கோட நாக்கும் போச்சு. வெங்காயம் கருகினாக்கூடக் கண்ணால பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறேன். அரைகுறையா ஆக்கி அவங்க முன்னால வெக்கப் பயம். இதை ஊத்தினா என்னைக்கும் ஒரே மாதிரி இருக்கும்."

"ஏழு மாசமாவா, மதாம்?"

"ஏழு மாசமா."

"யாரும் கண்டுபிடிக்கலையா?"

"கண்டுபிடிக்கிறதா? உன் பதினேழாம் நம்பரு நேத்துத் தட்டை வழிச்சிட்டு வந்து, இந்த வருஷம் உன் கை இன்னும் பதமாயிருக்கு பெலிசின்னு கையில முத்தம் குடுத்துட்டுப் போறாரு." பெலிசி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "நேத்து ராத்திரி நான் தூங்கல, லூசெட். முப்பது வருஷமா அந்த மனுஷன் எதைத் தின்னாருன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

லூசெட்டுக்கும் அதே சந்தேகம் வந்தது. டப்பா சாஸ் தின்றவர்களும் தட்டை வழித்திருக்கிறார்கள். அப்படியானால் கைத்துண்டில் இத்தனை வருடம் அவள் படித்தது என்ன?

பெலிசி டப்பா சாஸ் கொஞ்சம் கரண்டியில் எடுத்து நீட்டினார். "நீயே சொல்லு. என்னோடதுக்கும் இதுக்கும் அவ்வளவு வித்தியாசமா?"

லூசெட் கரண்டியை வாங்கவில்லை. கழுத்துவரை சிவந்துபோயிற்று. "எனக்குத் தெரியாது, மதாம். உங்களோடதை நான் சாப்பிட்டதே இல்ல."

"என்னது?"

"ஒரு தடவைகூட இல்ல. எந்தக் கடையிலயும் இல்ல."

பெலிசியின் கையிலிருந்த கரண்டி மேசைமேல் சாய்ந்தது. பாதி ஊரை இந்தப் பெண் அனுப்பித்தானே இந்தக் கடை நிரம்பிற்று. எத்தனை தடவை வா, உட்கார், ஒரு வாய் சாப்பிடு என்று கூப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் இன்னொரு நாள் மதாம் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் மறைந்திருக்கிறாள். முன்வாசல் வழியாக வந்து எல்லாரும் பார்க்க உட்கார அவளுக்கு வெட்கம். வீட்டுக்குப் போய்ச் சூப் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள்.

"அப்ப நான் ருசி தெரியாம ஆக்கிட்டிருக்கேன், நீ ருசி தெரியாம ஆள் அனுப்பிட்டிருக்கே" என்றார் பெலிசி. "நல்ல ஜோடிதான்."

இருவரும் சிரிக்கவில்லை. விருந்தை வேறு கடைக்கு மாற்றிவிடு, நான் தப்பாக நினைக்கமாட்டேன் என்று பெலிசி சொன்னார். எந்தக் கடைக்கு என்று லூசெட் கேட்டாள். மற்றப் பத்துக் கடைகளையும் அவள் அறிந்தது அதே துணியை வைத்துத்தான். பாரீஸ் சம்பந்திக்குத் தன் கைப்பட எழுதியிருந்தாள். அந்த எழுத்து பொய்யானால் இனி அவள் யாரிடம் என்ன சொல்லமுடியும்?

வியாழக்கிழமை ஆற்றங்கரைச் சந்தையிலிருந்து பெலிசி இரண்டு கூடை ஆற்றிறால் வாங்கிவந்தார், உயிரோடு. ஓட்டை இடித்தார், வெண்ணெயில் போட்டார், தக்காளி, பிராந்தி, பாலேடு என்று வரிசையாகச் சேர்த்தார். கை தடுமாறவே இல்லை. மூக்குக்கு மறந்துபோனது கைக்கு மறக்கவில்லை. கெனெல் பொங்கி வந்ததும் முன்கூடத்தில், ஜன்னலோர மேசையில், லூசெட்டை உட்காரவைத்தார். கடைக்கதவு சாத்தியிருந்தது. ஆனாலும் அவள் தெருவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாள்.

அவள் மெதுவாகத் தின்றாள். பெலிசி எதிரே நின்று ஏப்ரனைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"உப்பு கொஞ்சம் கம்மி, மதாம். அது தெரியுது. மத்ததை எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"நல்லாயிருக்கா, இல்லையா? அதைச் சொல்லு."

லூசெட் யோசித்தாள். நன்றாக இருப்பதாகத்தான் பட்டது, ஆனால் ஒப்பிட அவளிடம் எதுவும் இல்லை. அதை டப்பா சாஸோடு ஒப்பிடலாமே என்று கேட்டு வாங்கி, ரொட்டியில் தொட்டு வாயில் வைத்தாள். முகத்தைச் சுளித்துக் கைத்துண்டை எடுத்து வாயை ஒற்றினாள். பிறகு தன்னை அறியாமல் பழைய தட்டுக்கே திரும்பி, மீதி ரொட்டியால் அதை வழித்துத் தின்றாள். வழித்து முடித்தபின்தான் பெலிசி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

"போதும்" என்றார் பெலிசி. "உப்பு மட்டும் சொல்லிட்டிரு."

சனிக்கிழமை விடியற்காலையிலேயே கல்யாணப் பெண்ணின் தாயார் அடுப்படியில் நின்று உப்புப் பார்த்தாள். பாரீஸ் சம்பந்தி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், மூன்றாம் முறை கேட்க அவர் மனைவி விடவில்லை. திங்கட்கிழமை கல்யாண விரிப்புகளைக் கொடியில் போட்டுவிட்டு லூசெட் வேறெங்கும் போகாமல் அவற்றின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமைக்குள் எல்லாக் கறையும் வெளுத்துவிட்டது.

டப்பாக்களைப் பெலிசி மறைக்கவில்லை. நடந்ததை வாடிக்கைக்காரர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னார். பெரும்பாலோர் திகைத்துப்போய், பிறகு தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டார்கள். முசியே புர்லியே கேலி செய்யவில்லை. எழுந்துபோய்த் தன் அறையிலிருந்து பதினேழாம் நம்பர் துண்டை எடுத்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே போனார். முத்தம் கொடுத்த வாய் அல்லவா. அவர் பின்னால் இன்னும் நாலு பேர் போனார்கள்.

அதெல்லாம் நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. பெலிசிக்கு மூக்கு திரும்பவில்லை. காலை பத்து மணிக்கு லூசெட் வந்து சாஸுக்கு உப்புப் பார்த்துவிட்டுப் போகிறாள், முன்வாசல் வழியாக. பதினேழாம் அறை காலியாகவே இருக்கிறது. முப்பத்தொன்றாம் அறையில் அவளுடைய கைத்துண்டு இருக்கிறது. எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று கேட்பவர்களிடம் இப்போது அவள் மூன்று கடைகளின் பெயரைத்தான் சொல்கிறாள். மூன்றிலும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.