சாட்டின் கிட்டாருக்கு ஒரு பாலிஷ்

“இசைப் பாரம்பரியமிக்க குடும்பத்தின் தலைவர், சகோதரர் இம்மானுவேல்” என்று மகனுடைய நினைவு ஆராதனை நோட்டீஸில் அச்சாகியிருந்தது. சபையில் பாட்டுக்குக் கை தட்டும்போது அந்தத் தலைவருடைய கை மட்டும் எப்போதும் ஒரு தட்டு பின்தங்கி வரும். கும்மிடிப்பூண்டியில் எவர்சில்வர் குழாய்களுக்கு பாலிஷ் போடும் கம்பெனியில், மெஷின் சத்தத்திலேயே ஒரு காது பாதி போய்விட்டது. மிச்சக் காதுக்கு மகன் அன்பு கிட்டார் வாசித்தது பிடிக்கவில்லை. “நிறுத்துடா, பேஜாரா கீது” என்பதுதான் இசைக்கு அவர் செய்த தொண்டு.

கிட்டார் வீட்டுக்கு வந்த அன்றே அவருக்கு அதன்மேல் ஒரு குறை.

“இன்னாடா, பாலிஷே போடாம உன் தலைல கட்டிட்டானா கடைக்காரன்?”

“நைனா, இது சாட்டின் ஃபினிஷ். மங்கலாத்தான் இருக்கும். அதான் ஸ்டைலு.”

“மங்கலுக்கு ஒரு பேரு வேற. எங்க கம்பெனில அதுக்குப் பேரு ரிஜெக்ட்டு.”

போகப்போக அந்த மங்கலில் ஓரிடம் மட்டும் பளபளத்தது. வாசிக்கும்போது அன்புவின் முன்கை சாயும் மேல்விளிம்பு அது. உள்ளங்கை அகலத்துக்கு, தோலும் வேர்வையும் தேய்த்துத் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.

போன வருஷம் மஞ்சள் காமாலை அன்புவைக் கொண்டுபோயிற்று. கிட்டார் சுவரில் தொங்கியது.

காலையில் இம்மானுவேல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது மனைவி ஜோதிலட்சுமி அதை மடியில் இறக்கி, அந்த ஓரிடத்தையே உள்ளங்கையால் தடவிக்கொண்டிருப்பாள். பாதி ஆயுளை பாலிஷ் மெஷின் முன்னால் கழித்தவருக்கு, ஒருத்தர் ஒன்றைத் தேய்த்தால் ஒரே அர்த்தம்தான்: பளபளப்பு வரவேண்டும். பாவம், அவளுக்குத் தேய்க்கத் தெரியவில்லை. ஒரே இடத்தில் தேய்த்தால் திட்டு விழும், அனுப்பின மால் திரும்பி வரும். இதை அவளிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளை போன பிறகு அந்த வீட்டில் “சோறு போடவா”, “போடு” தவிரப் பேச்சு கிடையாது.

முதல் வருஷ ஆராதனையில் போட்டோவுக்குப் பக்கத்தில் கிட்டாரை வைப்பதாக ஏற்பாடு. பேச முடியாததைச் செய்து காட்டிவிடலாம் என்று அவர் நினைத்தார். கம்பெனியில் கிட்டாரைத் தேய்க்க நைசான வாட்டர்பேப்பர் கேட்டபோது கூட்டாளி சந்திரமோகன் சிரித்தான்.

“மெஷின்ல வெச்சி ஒரு ஓட்டு ஓட்டேன், இம்மானு.”

“யோவ், அது மரம்யா. சூடு ஏறுனா வார்னிஷ் உரிஞ்சிடும். கையாலதான்.”

சொந்தக்காரர்களை அழைக்க ஜோதிலட்சுமி சோழவரம் போன அன்று, லீவே போடாத மனிதர் லீவு போட்டார். கம்பிகளைக் கழற்றினார். சோப்புத் தண்ணீரில் வாட்டர்பேப்பரை நனைத்து, மேல்பூச்சு உரிந்துவிடாமல் மெல்லத் தேய்த்தார். பிறகு பைக் பெயிண்டரிடம் வாங்கிய பாலிஷ் காம்பவுண்ட் பசையைத் தொட்டுத் துணியால் வட்டம் வட்டமாக ஏற்றினார். எந்த அளவுக்குப் பளபளப்பு வேண்டும் என்பதற்கு அந்தத் திட்டையே மாதிரியாக வைத்துக்கொண்டு, மற்ற இடங்களையெல்லாம் அதற்குச் சமமாகக் கொண்டுவந்தார். சாயங்காலம் அதில் ஜன்னல் தெரிந்தது. குனிந்தால் அவர் முகமும் தெரிந்தது.

ஜோதிலட்சுமி வந்ததும் எடுத்து அவள் மடியில் வைத்தார். “பாரு.”

அவள் உள்ளங்கை மேல்விளிம்பில் போய் நின்றது. கொஞ்சம் நகர்ந்தது. திரும்பி வந்தது. கிட்டாரை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள்.

“அந்த எடம் எங்க?”

“எந்த எடம்?”

“புள்ள கை வெச்ச எடம்.”

அவரும் குனிந்து தேடினார். குழாயில் மயிரிழைக் கீறலைக்கூடக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அது அகப்படவில்லை. “நல்லா சமமா வந்துக்கீது…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவள் அழவில்லை. கிட்டாரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு உலை வைக்க எழுந்து போனாள்.

ஆராதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் கிட்டார் புதுசு மாதிரி இருக்கிறது என்றார்கள். பாஸ்டர் குடும்பத்தின் இசைப் பாரம்பரியத்தைப் பற்றி நீளமாகப் பேசினார்.

இம்மானுவேல் மகனுடைய கிட்டாருக்கு பாலிஷ் போட்டார்; ஓர் இடம் விடாமல் போட்டார்.