என்ஜின் ஆலை நின்ற மண்

எங்கள் நியூ ஜெர்சி வீட்டின் பேஸ்மென்ட்டில் ஒரு விசிறி இரவு பகலாக ஓடுகிறது. காற்று வாங்குவதற்கல்ல. தரைக்கு அடியிலிருந்து கிளம்பும் ஆவியை ஒரு வெள்ளைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே தள்ளுவதற்கு.

ஒரு காலத்தில் இந்த இடமெல்லாம் விமான ஆலை. முதலில் மரச்சட்டத்தில் துணி போர்த்தி இறக்கை செய்தார்களாம். விமானத்தைவிட என்ஜினில்தான் காசு என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் போனார்கள். போர் வந்தபோது ஆலை ஊரளவு பெருத்தது. ஜெட் வந்ததும் படுத்தது. கம்பெனி கைமாறிக் கைமாறிப் பெயரும் காணாமல் போக, ஆலையை இடித்து வீடு கட்டினார்கள். தெருக்களுக்கு மட்டும் விமானப் பெயர்கள். எங்களுடையது புரொப்பெல்லர் லேன். வாங்கிய புதிதில் வந்தவர் போனவரிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

என்ஜின் பாகங்களைக் கழுவிய ரசாயனத்தை அப்படியே மண்ணில் ஊற்றியிருக்கிறார்கள் என்ற பாதிக் கதை, போன வருடம் தரையில் துளை போட்டுச் சோதித்தபோதுதான் தெரிந்தது. அந்த நச்சு இன்னமும் ஆவியாக வீட்டுக்குள் ஏறுகிறது என்றார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் விசிறி.

கணவருக்கு வேலை தொலைவில் வேறு மாநிலத்திலுள்ள பிளானோவுக்கு மாறிவிட்டது. அங்கே அவர் தனியாகக் கடைச் சாம்பாரில் காலம் தள்ளுகிறார். இந்த வீடு விற்றால்தான் நானும் மகளும் போக முடியும். வருகிறவர்கள் விசிறியின் கதையைக் கேட்டதும் நடையைக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் வீட்டைத் துடைத்து வைத்துச் சிரித்துச் சிரித்து எனக்கு அலுத்துவிட்டது.

போன ஞாயிறு ஓர் இளம் தமிழ் ஜோடி வந்தது. அந்தப் பெண் நிறைமாதம். பையன் போனில் திசை பார்த்தான்.

"ஈஸ்ட் ஃபேசிங், ஆன்ட்டி! கிச்சனும் கரெக்ட்டா அக்னி மூலைல இருக்கு."

பேஸ்மென்ட்டில் என் மகள் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அந்த அறை பிடித்துவிட்டது. "டெலிவரிக்கு அம்மா வருவாங்க. பேபியோட இங்கயே இருந்துக்கலாம்," என்றாள். பையன் குழாயைத் தட்டிப் பார்த்து, "இது ஏசி பைப்பா, ஆன்ட்டி?" என்று கேட்டான்.

எல்லாவற்றையும் வக்கீல் கடைசியில் சொல்லிக்கொள்வார், இனி நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் என்று வீடு விற்றுத்தரும் ஏஜென்ட் சொல்லியிருந்தார். அவள் வயிற்றைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"ஃபேன் ஓடினா சேஃப்தானே?" என்றான் பையன்.

"அப்படித்தான் சொல்றாங்க."

அந்தப் பெண் என் மகளைப் பார்த்தாள். "உங்க பொண்ணு இந்த வீட்லதான் பொறந்தாளா, ஆன்ட்டி?"

தலையாட்டினேன். அவள் கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். கார் கிளம்பும்வரை வாசலில் நின்றேன்.

பிளானோவிலிருந்து போன் வந்தது. "என்னாச்சு? பிடிச்சிருந்துதா?"

"கிழக்கு வாசல் ரொம்பப் பிடிச்சுது," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

விசிறி வந்தது போன வருடம். மகளுக்குப் பதினொரு வயது. அதில் பத்து வருடம் விசிறி இல்லாமலே. அவள் தவழ்ந்ததே அந்தத் தரையில்தான். ஆலையைத் திட்டினேன், ஏஜென்ட்டைத் திட்டினேன், வீடு விற்காததற்கு அழக்கூடச் செய்தேன். அந்தப் பெண் கேட்டதை மட்டும் நான் என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

கீழே போய் மகளின் மேஜையை ஒரு பக்கம் தூக்கினேன்.

"வாட் ஆர் யூ டூயிங், அம்மா? தி ஃபேன் இஸ் ஆன்!"

"ஓடட்டும்டி. அந்தப் பக்கம் பிடி, மேல போலாம்."